வாயால் கொடுத்தது

"வாயால என்ன குடுத்தீங்க?" என்று டொக்டர் முஃபீதா கேட்டபோது டெனிஷா தன் வலது கையை உடுப்பில் அழுத்தித் துடைத்தாள். கட்டிலில் அவள் புருஷன் கில்பட் நுரை தள்ளக் கிடந்தான். கண்மணிகள் கடுகளவுக்குச் சுருங்கியிருந்தன. தொடைச் சதை தன்பாட்டில் துடித்தது. வேர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, எல்லாவற்றுக்கும் மேலே பூச்சிமருந்தின் உள்ளிப்பூண்டு நெடி. பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"ஒண்டும் குடுக்கயில்ல டொக்டர்," என்று முந்திக்கொண்டார் மரியநாயகம். கில்பட்டின் பெரியப்பா. கோயில் கமிட்டியானாலும் செத்த வீடானாலும் முன்னுக்கு நிற்கிற மனிதர்.

கச்சான் காற்று எழும்பிவிட்டால் கற்பிட்டிக் கரையில் வள்ளம் இறக்க முடியாது. அந்த மாதங்களில் கில்பட் மீன்பிடியை விட்டு வெங்காயத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போவான். வள்ளத்தைப் புரட்டுகிற அதே காற்றில்தான் மருந்தையும் அடிக்க வேண்டும். முகத்துக்கு ஒரு துண்டு, முதுகில் ஒழுகுகிற மருந்துத் தாங்கி, அவ்வளவுதான் பாதுகாப்பு. தோட்ட முதலாளியோ தன் வீட்டுக் கறிக்கென்று மருந்து படாத பாத்தி ஒன்றைத் தனியே வைத்திருந்தார். அதை நினைத்தாலே டெனிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று காலை போட்டிருந்த சேட்டெல்லாம் மருந்தில் நனைந்தபடி வந்த கில்பட், "கண் தெரியுதில்ல" என்றான். முற்றத்திலேயே விழுந்தான்.

மரியநாயகத்துக்கு வேறெதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. மருந்து நெடியோடு ஒருவன் விழுந்தால் குடித்துவிட்டான் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். குடித்தவனுக்கு மலத்தைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைப்பதும் அந்த ஊரின் வைத்தியம்தான். "அவர் குடிக்கயில்ல மாமா, அடிச்சிட்டு வாறார்" என்று டெனிஷா கத்தினாள். யார் காதில் விழுந்தது? கக்கூஸ் பக்கம் போய் ஒரு தகரப் பேணியில் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"பெஞ்சாதி கையால குடுத்தாத்தான் விழுங்குவான்," என்று மரியநாயகம் பேணியை அவளிடம் நீட்டினார். இரண்டு பேர் தாடையை விரித்துப் பிடித்தார்கள். கில்பட் அவளையே பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான். அவள் ஊற்றினாள். அவனுக்குப் புரையேறியது. மதிலுக்கு மேலால் ஒருவன் ஃபோனில் படமெடுத்தான். அந்த நஞ்சுச் சேட்டைக் கழற்ற மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தாதி மிஸிதான் அதைக் கத்தரித்து எறிந்து, சவுக்காரம் போட்டு அவனைக் கழுவினாள். வெளியே கழுவ வேண்டியவனுக்கு உள்ளே ஊற்றியிருக்கிறோம் என்பது அப்போதுதான் டெனிஷாவுக்கு உறைத்தது. தன் முகத்தில் தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

டொக்டர் அவளைப் பார்த்தே பேசினார். "பழைய மருந்து ஏத்தியிருக்கோம். அது சளிய வத்த வெக்கும், மூச்சுத் தசைய மீட்டுத் தராது. புது மருந்தொண்டு இங்க பரிசோதனையில இருக்கு. ரத்தத்துல ஓடுற நஞ்சப் புடிச்சு உடைக்கும் எண்டு நம்புறோம். நீங்க சம்மதிச்சா குடுக்கலாம். நெஞ்சுக்குள்ள வேற எதும் போயிருந்தா மட்டும் பரிசோதனையில சேர்க்க ஏலா."

"ஆர் கண்டுபிடிச்சது டொக்டர்?"

"வெளிநாட்டில. சண்டையில மனிசர் மேல விடுற விஷவாயுவும் இதே குடும்பம்தான். அதுக்குப் பயந்துதான் அவங்க மருந்து தேடுறாங்க."

"மனிசரக் கொல்லுறதையா வெங்காயத்துக்கு அடிக்கிறம்?"

டொக்டர் சம்மதப் படிவத்தை எடுக்கத் திரும்பினார்.

மரியநாயகம் அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனார். "வாயத் திறக்காத பிள்ள. சொன்னியெண்டா புது மருந்து இல்ல. அவன் செத்தா உன்ர தலையிலதான்." சொல்லிக்கொண்டே வெற்றிலையை மடித்தார். நகக்கண்ணில் அந்த அழுக்கு இன்னும் இருந்தது. அதே விரலால் சுண்ணாம்பைத் தொட்டு நாக்கில் தடவிக்கொண்டார். டெனிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை, அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. சொன்னால் மருந்து போய்விடும். சொல்லாவிட்டால் அந்தச் சனியன் அவன் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து அழுகும். உள்ளே அவன் மூச்சு கொறகொறவென்று கேட்டது.

அவள் திரும்பிப் போனாள். "டொக்டர், பீத்தண்ணி குடுத்தம். நான்தான் ஊத்தினன். புரையேறினது."

முஃபீதாவின் முகம் கோணியது. ஒரு கணம்தான். பிறகு குழாய் கேட்டுக் கத்தினார். அவன் நெஞ்சிலிருந்து உறிஞ்சி எடுத்தது மண்ணிறமாகப் போத்தலில் இறங்கியதை டெனிஷா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பார்க்கத்தான் வேண்டும் என்று நினைத்தாள்.

கில்பட்டைப் பரிசோதனையில் சேர்க்கவில்லை; புது மருந்து அதே நஞ்சோடு எலுவன்குளத்திலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. சில நாட்களில் அவர் எழும்பியிருந்து பாண் சாப்பிட்டார். மருந்தாலா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். கில்பட்டோ மூச்சு மெஷினில் கிடந்தான், காய்ச்சலில் கொதித்தான். மரியநாயகம் அந்தப் பக்கமே வரவில்லை.

குழாயைக் கழற்றிய காலையில், "பஞ்ச நனைச்சு உதட்டுல வைங்க" என்றாள் மிஸி. உதடு வெடித்திருந்தது. டெனிஷாவின் கை கிட்டப் போனதும் கில்பட் கண்ணைத் திறந்தான். பார்த்தான். பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டான்.

"தண்ணி... வெறும் தண்ணிதான்."

பல் திறக்கவில்லை. அவள் பஞ்சைத் தன் நாக்கில் பிழிந்தாள். அவள் விழுங்குகிறாளா என்று அவன் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.