பின்சந்தில் நின்றவர்

மாடிக் கக்கூஸின் தண்ணீர்ப் பெட்டி ஐந்து நாளாக ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அட்டன் லேனில் இருந்த அந்தப் பழைய வீட்டில், வாளிக் கக்கூஸை எடுத்துவிட்டுச் சங்கிலி இழுக்கும் கக்கூஸ் வைத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மழையில்லாத மாசி மாதம். குழாய்த் தண்ணீர் விடிகாலையில் ஒருமுறைதான் கூரைத்தொட்டிக்கு ஏறும். ஏறியதெல்லாம் பொழுது உச்சிக்கு வருமுன் பெட்டி வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். ஹமீதா பிடித்து வைத்த இரண்டு குடமும், வயிற்றுக்கடுப்பில் கிடந்த கணவர் கமாலுதீனைக் கழுவவே போதவில்லை.

டாக்டர் கையை விரித்துவிட்டார். தண்ணீருக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்தே கமாலுதீன் தொழுதுவந்தார். நோயாளிக்கு அது போதும் என்று மார்க்கம் சொல்கிறது. ஆனாலும் கண் மூடுமுன் ஒரு வேளையாவது தண்ணீரால் முகம் கை கால் கழுவி, ஒளுச் செய்து தொழவேண்டும் என்று அவர் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு நாகூர் மீரான், குழாய்க்காரர் பக்கிரிசாமிக்குச் சொல்லிவிட்டிருந்தார். எட்டு மணிக்கு வருவதாகப் பேச்சு. ஹமீதா முன்வாசல் திரையருகே காத்திருந்தாள். பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. வாக்குத் தவறியவரை மனசாரத் திட்டினாள். அடுப்புச் சாம்பலைக் கொட்டப் பின்சன்னலைத் திறந்தபோதுதான் பார்த்தாள். சந்தில், செங்கல் வைத்து அடைத்த பொந்துக்கு எதிரே, கருவிப் பையோடு ஒருவர் வெயிலில் நின்றிருந்தார்.

"குழாய்க்காரரா? முன்னால வர வேண்டியதுதானே?"

"ஆறு வருஷம் இந்தப் பொந்து வழியாத்தாம்மா உங்க வீட்டுக் கக்கூஸ் வாளிய எடுத்தேன். அது போனப்புறம் குழாய் வேலைக்கு வந்துட்டேன். முன்வாசல் எனக்குப் பழக்கமில்ல. இங்க வந்தா சுவரா இருக்கு. தட்டிக்கூடப் பார்த்தேன் லா."

ஹமீதா அவருடைய கையைப் பார்த்தாள். ஆறு வருஷமும் அவள் கண்டது ஒரு கையை மட்டும்தான். அந்தக் கைக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

முன்வாசல் வழியே வரச்சொன்னாள். பக்கிரிசாமி பெட்டிக்குள் இருந்த செம்பு மிதவைப் பந்தைக் கழற்றிக் குலுக்கினார். ஓட்டை விழுந்து உள்ளே நீர் புகுந்திருந்தது. மிதக்காத பந்து குழாயை எப்படி அடைக்கும்? அடுப்புக் கரியில் இரும்பைக் காய்ச்சி, ஈயம் பற்றவைத்து மாட்டினார். வேலை முடிந்தது. ஆனால் கூரைத்தொட்டி அதற்குள் வறண்டுவிட்டது.

பிற்பகல் அசர் தொழுகைக்கு நேரம் நெருங்கியது. தண்ணீர் வந்ததா என்று உள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. ஹமீதா காலிக் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பக்கிரிசாமி குடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நோயாளியை விட்டு ஹமீதா போகமுடியாத தெருமுனைக் குழாய்க்குப் போனார். நூலாக விழுந்த தண்ணீரை நெடுநேரம் நின்று பிடித்துவந்து, அறை வாசலிலேயே வைத்தார்.

"நான் சுமந்த தண்ணி. தொழுகைக்கு ஆகுமான்னு கேட்டுக்குங்கம்மா."

ஹமீதா ஒரு கணம் தயங்கத்தான் செய்தாள். படுக்கையில் இருந்தவர் தயங்கவில்லை.

"நம்ம அழுக்கச் சுமந்த கை. தம்பியையே ஊத்தச் சொல்லு."

பக்கிரிசாமி ஊற்றினார். கமாலுதீன் முகமும் கைகளும் நனைத்து, தலையைத் தடவி, கால்களை அவரையே கழுவிவிடச் சொன்னார். படுத்தபடியே தொழுதார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மறுநாள் விடியுமுன் மூச்சு நின்றது. கூரைத்தொட்டிக்குத் தண்ணீர் ஏறிற்று. பெட்டி நிறைந்ததும் சத்தம் அடங்கியது. மய்யித்தைக் குளிப்பாட்டத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. இறைவன் தன் அடியாருக்குத் தண்ணீரை யார் கையால் அனுப்பினான் என்பதை எண்ணி ஹமீதா அழுதாள்.

பின்சன்னலைச் சாத்தப் போனவள், சந்தில் பக்கிரிசாமி நிற்பதைப் பார்த்தாள். பிறகு நாகூர் மீரானிடம் சொன்னாள்:

"அவர முன்னால கூட்டிட்டு வாங்கண்ணே. சொல்லாட்டி அங்கேயே நிப்பாரு."