விடுவிக்கிறோம்

தலைவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தபோது அவரை வாய்க்கு வந்தபடி ஏசிய பத்திரிகைகள் எல்லாம் இப்போது தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டை நிமிர்த்தியவர், யாரும் தொடத் துணியாததைத் தொட்டவர் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பொய்யில்லை. நஷ்டத்தில் ஓடிய பத்தொன்பது அரசாங்க ஆலைகளை ஒரே நாளில் இழுத்து மூடியவர் அவர். மூடியிருக்காவிட்டால் நாடே மூழ்கியிருக்கும் என்று அவருடைய எதிரிகளே இன்று ஒப்புக்கொள்கிறார்கள்.

அவருக்குச் சிலை வைக்கிறார்கள். பீடத்தில் பொறிக்க வேண்டிய வரி எது என்பதில் சிலைக் குழுவில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "உங்களை நாங்கள் கைவிடவில்லை, விடுவிக்கிறோம்." ஆலைகளை மூடிய அன்று தலைவர் வானொலியில் பேசியது. பள்ளிப் பாடத்தில்கூட வந்துவிட்டது. பிழை பார்த்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தரும்படி, அந்த வரியை அச்சடித்துப் பேனாவின் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பேனா என்றால் எழுதுகிற பேனா இல்லை, ஆள். இருபது வருடம் தலைவருக்கு உரை எழுதியவர். "பேனாவைக் கூப்பிடு" என்று தலைவர் சொல்லிச் சொல்லி, சொந்தக்காரர்கள் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஒரு நொடியில் போடுகிற கையெழுத்தை அவர் மூன்று நாளாகப் போடவில்லை. தாளைச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்திருந்தார். சாப்பிடும்போது மட்டும் அதைக் கவிழ்த்து வைத்தார். ஏனென்றால் அந்த வரி தலைவருடையது அல்ல.

அன்று தலைவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தது நான்கே வாக்கியங்கள். "உங்கள் வேலை போய்விட்டது. அது திரும்ப வராது. நாளைக்கே வேறு வேலை தேடுங்கள். இதை முடிவு செய்தது நான்." படித்துவிட்டுப் பேனா தாளைத் திருப்பி நீட்டினார். இப்படிப் பேசினால் கல்லெறிவார்கள் என்றார். எறிந்தால் என் மேல்தானே விழும் என்றார் தலைவர். பேனா விடவில்லை, ஜனங்கள் தாங்க மாட்டார்கள் என்று மல்லுக்கு நின்றார். வானொலிக்காரர்கள் வாசலில் வந்து காத்திருந்தார்கள். தலைவர் அலுத்துப்போய், வார்த்தை உன் தொழில், நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார். பேனா நன்றாகவே பார்த்துக்கொண்டார். இதைவிட அழகான வரியைத் தான் எழுதியதே இல்லை என்று வீட்டில் பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. ஒருவரைப் பணியிலிருந்து 'விடுவித்தால்', இங்கிருந்து கிளம்பு, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அடுத்த கடிதம் வரும் என்று அர்த்தம். அது இடமாற்றத்துக்கு உண்டான சொல். அதிகாரிகள் தலைவரின் உரையிலிருந்தே எடுத்து, "இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்" என்று ஆலை ஆலையாகக் கடிதம் அனுப்பினார்கள். வாங்கியவர்கள் யாரும் கல்லெறியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாமான்களைக் கட்டினார்கள்.

அவர்களில் ஒருவர் பேனாவின் தங்கை கணவர், காகித ஆலையில் கொதிகலன் பார்த்தவர். தங்கை பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். போகிற ஊரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மகளை அந்த வருடம் பள்ளியில் சேர்க்கவில்லை. ஒரு சாயப்பட்டறையிலிருந்து கொதிகலனுக்கு ஆள் வேண்டும் என்று இரண்டு முறை வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். அரசாங்க ஆளை என்னவென்று நினைத்தீர்கள் என்று முறுக்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார். வாரம் தவறாமல் பேனாவிடம் வந்து நிற்பார்.

"எந்த ஊருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மச்சான். மத்தத நான் பாத்துக்கறேன்."

"கேக்கறேன் மாப்பிள்ளை" என்பார் பேனா.

பதினோரு மாதம் அந்த ஒரு சொல்லிலேயே காலத்தை ஓட்டினார். அடுத்த கடிதம் எதுவும் வராது என்று இன்று சொல்லிவிடலாம் எனத் தங்கை வீட்டுக்குப் போவார். கட்டி வைத்த பெட்டி கண்ணில் படும். மென்று விழுங்கிவிட்டுத் திரும்புவார். அது யாரும் சொல்லாமலே ஊருக்கு உறைத்தபோது, பட்டறையில் வேறு ஆள் சேர்ந்திருந்தார். மாப்பிள்ளை ஒரு கிடங்கு வாசலில் காவலுக்குப் போனார். முடி நரைக்கும் வரை அங்கேயே நின்றார்.

சிலைக் குழுவின் தாள் வந்த நான்காம் நாள் காலை, பேனா அதைப் பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தார்.

"நல்ல மனுஷன்தான் மச்சான். ஆலை உருப்படாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? மூடினது சரிதான். ஆனா நேரா சொல்ல அவருக்குத் தைரியம் இல்ல. அது ஒண்ணுதான் எனக்குக் கோபம்."

பேனா கூனிக் குறுகிப்போனார். தன்னுடைய கோழைத்தனத்தை ஒரு செத்த மனுஷர் சுமந்துகொண்டிருக்கிறார். அதைக் கல்லிலும் வெட்டப் போகிறார்கள்.

"அந்த வரி அவரோடது இல்ல மாப்பிள்ளை. நான் எழுதினது."

தாளின் பின்பக்கத்தில் அந்த நான்கு வாக்கியங்களையும் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். இது வந்திருந்தால் மறுநாளே பட்டறைக்குப் போயிருப்பேன் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு ஏதோ கணக்கு உதைத்தது போல நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ, கேக்கறேன் கேக்கறேன்னு சொன்னீங்களே. யாருகிட்ட கேட்டீங்க?"

"யாருகிட்டயும் கேக்கல."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தங்கை, 'வாங்கண்ணா' என்று சொல்ல வந்ததைச் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார்.

"என் மச்சான் மேலிடத்துல கேட்டுக்கிட்டு இருக்காருன்னு நான் எல்லாருகிட்டயும் சொன்னேன். அத நம்பிப் பதினாலு பேரு வந்த வேலைக்குப் போகல. நாலு பேரு இன்னைக்கும் என்னக் கண்டா எதிர்ப்பக்கமா போறாங்க. நான் புளுகினேன்னு."

பதினாலு பேர். இத்தனை வருடமாகப் பேனா ஒரே ஒரு குடும்பத்தை எண்ணித்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சிலைக் குழுவுக்குப் போன் போட்டார். அந்த வரி வேண்டாம், தலைவர் எழுதிய நான்கு வாக்கியங்களை அனுப்புகிறேன், இல்லாவிட்டால் கல்லை வெறுமையாக விடுங்கள் என்றார். எதிர்முனையில் என்னென்னவோ சமாதானம் சொன்னார்கள். காதில் வாங்காமல் வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை அதற்குள் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார். "வாங்க. மொத வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். நீங்களே சொல்லுங்க." மச்சான் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

நடக்க நடக்கப் பேனாவின் மனம் பழைய வழக்கப்படி எழுத ஆரம்பித்துவிட்டது. அன்றைய சூழ்நிலையில் தவிர்க்க முடியாமல் ஒரு தகவல் உங்களை வந்தடையாமல்... முதல் தெரு முனையில் 'சூழ்நிலை'யை மனதுக்குள் அடித்தார். மருந்துக்கடை தாண்டும்போது 'தவிர்க்க முடியாமல்' என்பதை அடித்தார். இரண்டாம் தெருவில் 'தகவல்' என்பதும் போயிற்று. மாப்பிள்ளை ஒரு கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். கதவைத் திறந்த கிழவர் மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவர் பொய் சொல்லல" என்றார் பேனா. "நான்தான் சொன்னேன்."