சிலந்திப்பேனின் கூந்தல்

உயிர்களின் வரலாற்றையே திருத்தி எழுதப்போகும் நாள் என்று அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: ஊசிமுனை அளவுள்ள ஒரு சிலந்திப்பேனுக்குள், கூந்தல் வளர்க்கும் மரபணுவைப் பேராசிரியர் கண்டுபிடித்துவிட்டார்.

இலைச்சாறு உறிஞ்சும் அந்தப் பேனின் மரபணுக்களை இயந்திரம் துண்டு துண்டாகப் படித்துத் தரும். எந்தத் துண்டுக்கு என்ன வேலை என்று குறித்து வைப்பது மருமகள் பாடு. பேராசிரியர் அவளுக்கு வீட்டில் மாமா, ஆய்வகத்தில் சார். இரண்டு இடத்திலும் எதிர்த்துப் பேசி வழக்கமில்லை.

அதை அறிவிக்கும் கூட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது, மனசு கேட்காமல் இன்னொரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள். அந்த மரபணு பேனுடையதே அல்ல, பேன்களோடு சேர்ந்து அரைபட்ட மனுஷ முடியுடையது. அதிலும் ஒரு பெண்ணின் முடி. இப்படி ஏதாவது கலந்தால் பிடிப்பதற்கென்றே ஆய்வகத்தில் எல்லோருடைய எச்சிலையும் வாங்கி, அதிலுள்ள மரபணுவைப் படித்து வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் யாரோடும், அவ்வப்போது வந்துபோகும் மாமியாரோடும்கூட இது பொருந்தவில்லை. பேன்களை அரைத்த அறைக்குள் ஒரு ஈ காக்கையை விடாமல், தலைக்கு உறைகூடப் போடாமல், போய்வந்தவர் மாமா ஒருவர்தான்.

அப்படியானால் மாமாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தவள் யார்?

மாமா தன் அறையில் கண்ணாடி முன் நின்று, தொட்டும் தொடாமலும் சுருட்டைத் தலையை வாரிக்கொண்டிருந்தார். அவள் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அபாண்டம் என்று குதிப்பார் என்றுதான் எதிர்பார்த்தாள். அவரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அப்படி ஒருத்தி இருக்கான்னே வெச்சுக்கோம்மா. இந்த வயசுல தப்புதான். வெளியில மூச்சு விடாத.”

அவளுக்கு மூச்சே வரவில்லை. திரும்பினால் வாசலில் மாமியார், தேய்த்த கோட்டோடு. எல்லாம் காதில் விழுந்திருந்தது. பூகம்பம் வரப்போகிறதென்று மருமகள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் நிதானமாகக் கோட்டை நாற்காலியில் மாட்டினாள்.

“ஏங்க, வைப்பாட்டி வெச்சிருக்கேன்னு சொல்லக் கூசல. இதைச் சொல்லக் கூசுதாக்கும்?”

பிறகு மருமகளிடம், போய்க் கூட்டம் இல்லையென்று சொல்லிவிட்டு வரச் சொன்னாள்.

மாமாவின் சுருட்டை முடி, யாரோ ஒரு பெண் விற்ற கூந்தலில் செய்த டோப்பா.