வரைபடத்தில் இருந்த பாலம்

எச்சில் தொட்ட விரலால் வரைபடத்தைத் தேய்த்துப் பார்த்தாள் ராமுத்தாய். நேற்றுப் போட்ட கோடாக இருந்தால் கலைந்துவிடும் என்று நினைத்தாள். விரல்தான் அழுக்கானது. ஊருணிக்குத் தண்ணீர் வரும் ஓடையின் குறுக்கே, நீலத்தாளில் வெள்ளைக் கோடாக ஒரு சின்னப் பாலம் அப்படியே நின்றது.

"அறுபத்தொண்ணுல போட்ட பிளான் ஆத்தா. இப்பவாச்சும் நம்புறியா?" என்றார் ஓவர்சியர் மெய்யநாதன்.

"எட்டு வருசமாத் தாள்லயேதான் கெடக்கா? அப்ப இன்னும் எட்டு வருசம் கெடக்காதுன்னு என்ன நிச்சயம்?"

அந்த ஊருணித் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. அதில் யாரும் கால் நனைக்காமல் காப்பது அவள் வேலை. கரையில் குனிகிறவன் குடிக்கப் போகிறானா, முகம் கழுவப் போகிறானா என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இந்த ஓவர்சியர் மட்டும் பிடிபடவில்லை. புதிதாகப் போடும் ரோட்டின் மண்மேடு இரண்டு பக்கமும் வந்துவிட்டது. நடுவில் ஓடை மட்டும் பத்தடி பாக்கி. நாளைக்கு அதையும் மூடிவிட்டால் ஐப்பசி மழை அங்குட்டே தேங்கிவிடும். சித்திரையில் குடத்தோடு எந்த ஊருக்கு ஓடுவது?

"பின்னால ரெட்டை ரோடாகும், அதுக்குத்தான் இம்புட்டு அகலம். சர்க்கார்ல பணமில்லை. இப்ப மண்ணு வேலை, பாலம் அடுத்த சாங்ஷன்ல. மாசக் கடைசிக்குள்ள மூடலேன்னா வந்த பணமும் திரும்பிப் போயிரும்" என்றார் மெய்யநாதன்.

"இருபது வருசங்கழிச்சு வார லாரிக்கு எடம் விட்டிருக்கீக. அடுத்த மாசம் வார தண்ணிக்கு எடமில்லையாக்கும்?"

மேஸ்திரி முத்துராமலிங்கம் சிரித்தார். "யக்கா, பேசாம அந்தப் பிளானையே சுருட்டி ஓடைக்குள்ள வச்சுப்புடுவமா?"

ராமுத்தாய் சிரிக்கவில்லை. ஓவர்சியர் குழலாகச் சுருட்டிய தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் நேமத்தான்பட்டித் தோப்பிலிருந்து ராமுத்தாய் ஒரு மாட்டுவண்டியோடு வந்தாள். வண்டியில் வாய்க்காலுக்கென்று பிளந்து குடைந்த பனைகள். ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்துக் குழாயாக்கி, முனையோடு முனை சேர்த்து, ஓடையின் அடியில் கிடத்தினாள்.

"இது பிளான்ல இல்லையே" என்றார் மெய்யநாதன். "பெரிய ஐயா பாத்தா என் வேலை போயிரும்." பிளானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் டீ குடிச்சிட்டு வாரேன். மேஸ்திரி, மண்ணைக் கொட்டச் சொல்லும்."

திரும்பிப் பாராமல் போனார். அதுதான் அவளை உறுத்தியது. தடுக்கிறவன் சத்தம் போடுவான். சத்தமில்லாமல் போகிறவன் எங்கே போகிறான்? இங்குட்டு மண் கொட்டுவதைக் காவல் காத்தால், அங்குட்டுப் பனை வாயில் நாலு கல்லைத் திணிக்க எவ்வளவு நேரமாகும்?

கடைசிக் கூடை மண் விழும்வரை அவள் நகரவில்லை. பிறகு ஊருணிப் பக்கம் இறங்கி, மண்டியிட்டு, பனையின் வாயில் கண்ணை வைத்தாள். நாரும் ஈரமும் கலந்த இருட்டு. அதன் கோடியில் காலணா அகலத்துக்கு வெளிச்சம்.

சட்டென்று வெளிச்சம் மங்கியது.

அங்குட்டு யாரோ குனிந்து, இவளைப் போலவே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை. கல் எதுவும் உள்ளே விழவில்லை. ராமுத்தாய் கூப்பிடவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.