பாசிக்கு வார்த்த தீர்த்தம்

யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கட்டில் பாசி பிடித்தால் தேங்காய்ப் பொச்சுமட்டையால் உரஞ்சிக் கழுவிவிடுவார்கள். இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவில் ஒரு மனிதர் பாசியைத் தட்டுகளில் பரப்பி, மேலே நிழல்வலை கட்டி, வேளைக்கு வேளை தண்ணீர் காட்டி வளர்த்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் சம்பளத்துக்கு வைத்தார். படித்தவர்கள் செய்தால் எல்லாவற்றுக்கும் ஒரு மரியாதையான பெயர் கிடைத்துவிடும். இதற்குப் பெயர் ஆராய்ச்சி.

அந்தப் படித்தவர் பாத்தெர்னோ, பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லாருக்கும் தொத்தோரே. லிபெர்த்தா வீதியில் ஐந்தாம் மாடியில் வீடு, நகரத்துக்கு வெளியே பெரிய பூங்கன்றுப் பண்ணை. அவருடைய பூச்சட்டிகளுக்கெல்லாம் ஜெர்மனியிலிருந்து லொறியில் கறுப்பு மண் வரும். அது மண்கூட இல்லை, சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செத்துச் செத்துப் படிந்த பாசி. தோண்டித் தோண்டி அந்தச் சதுப்பெல்லாம் காய்ந்து கட்டாந்தரையாகிவிட்டது. இப்போது அங்கே சிலர் வடிகால்களை அடைத்து, தோண்டிய நிலத்தில் மறுபடியும் தண்ணீரைத் தேக்கி, மேலே உயிர்ப் பாசியைத் தூவி விளைவிக்கப் பார்க்கிறார்களாம். நெல்லைப்போல வளர வளர வெட்டலாம், சட்டிகளுக்கு அதையே போடலாம், நிலமும் சாகாது. சிசிலி முழுவதற்கும் அதை விற்கும் உரிமை தனக்கு வரவேண்டும் என்று தொத்தோரேக்கு ஆசை வந்துவிட்டது. அந்தப் பாசியில் கொஞ்சத்தைக் கொண்டுவந்து வீட்டின் பின்பக்க மொட்டைமாடியில் தட்டுகளில் வைத்தார். பாசி விளைவிக்கிற அந்த ஜெர்மன்காரர் நவம்பரில் வரும்போது, “பாருங்கள், பலேர்மோ வெயிலிலேயே வளர்த்துவிட்டேன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

கனகேஸ்வரி அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறவள். புருசன் இல்லை. ஆறு வருடமாகச் சமையலறைக்குப் பக்கத்து அறைதான் அவளுக்கு வீடு. வீட்டுக்காரி சின்யோரா ஏசுகிற ஏச்சுகள்கூடப் பாடமாகிவிட்ட அளவுக்கு அவளுக்கு இத்தாலியன் வரும். அவளுடைய தம்பி றஞ்சித் அந்த வருடம், தொண்ணூற்றைந்தில், மாசி மாதம் வந்து சேர்ந்தான். கையில் ஒரு காகிதமும் இல்லை. போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரு அறையில் நாலைந்து பொடியங்களோடு படுக்கை. பாசிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றதும் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தியது அவள்தான்.

ஆடி மாதம் தொத்தோரே ஒரு வாக்குக் கொடுத்தார். வருட முடிவுக்குள் காகிதம் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, கொடுக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கு வேலை கொடுக்கிறவரின் கையெழுத்து வேண்டும்.

“ஜெர்மன்காரர் வரும்வரை பாசி பச்சையாக இருந்தால், உன் தம்பிக்கு நான் கையெழுத்து வைக்கிறேன்” என்றார்.

கனகேஸ்வரி அதைத் தம்பிக்குத் தமிழில் சொன்னாள். அவனுக்கு இத்தாலியனில் ஓம் என்பதற்குச் ‘சீ’யும், இல்லை என்பதற்கு ‘நோ’வும், நன்றிக்குக் ‘கிராத்சியே’யும் தெரியும், அதற்கு மேல் தேவைப்படவில்லை. தொத்தோரே அவனுக்குச் சொல்வதும் அவன் தொத்தோரேக்குச் சொல்வதும் அவளுடைய வாயால்தான் போய் வந்தன.

கட்டளை ஒன்றுதான். மழைத் தண்ணீர் விடலாம், மழை இல்லாத நாட்களில் கார் பற்றறிக்கு விடும் தண்ணீரை வாங்கி விடலாம். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.

“கேத்தில் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, சுண்ணாம்பு, அது இந்தப் பாசிக்கு நஞ்சு” என்று தொத்தோரே சொன்னதை அவள் சரியாகத்தான் விளங்கிக்கொண்டாள். தம்பிக்கும் சரியாகத்தான் சொன்னாள்.

றஞ்சித் அந்தப் பாசியைக் கைப்பிள்ளையைப்போலப் பார்த்தான். விடிய வந்து நிழல்வலையை இழுத்துக் கட்டுவான், தண்ணீர் விடுவான், விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவான். கோடை முழுவதும் பாசி பச்சை மாறாமல் கிடந்தது. “அக்கா, இது என்ரை பெர்மெசோ, வளருது பார்” என்று சிரிப்பான். ஒக்டோபரில் ஆபிரிக்கப் பக்கமிருந்து சூட்டுக்காற்று அடித்தது. மூன்றாம் நாள் தட்டுகளின் ஓரம் மஞ்சளடித்தது.

“கொஞ்சம் எரிஞ்சிட்டுது. தண்ணியைக் கூட விட்டால் திரும்பும் எண்டு நினைக்கிறன்” என்றான் றஞ்சித். சொல்லும்போது அவன் முகத்தில் இரத்தமே இல்லை. தொத்தோரே அப்போது வியாபாரமாக மிலானோ போயிருந்தார்.

உண்மையில் அது திரும்பியிருக்கும். தம்பியை நம்பிப் பேசாமல் இருந்திருந்தால் போதும். ஆனால் கனகேஸ்வரிக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அவள் நேர்த்திக்கடன் வைத்துவிட்டாள்.

பலேர்மோத் தமிழருக்கு மலையில் ஒரு தாய் இருக்கிறாள். ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரோசாலியா. வேதக்காரக் கிறிஸ்தவர் மட்டுமல்ல, சைவக்காரரும் ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பில்லாமல் மலை ஏறுவார்கள். குகைக்குள் கோயில். மேல்பாறை எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கும், அந்தக் கசிவைத் தகரப் பீலிகள் ஏந்திக் கொண்டுவந்து விடும். தமிழருக்கு அது தீர்த்தம். போத்தலில் பிடித்து வந்து காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையில் தடவுவார்கள், பரீட்சைக்குப் போகிறவனுக்கு ஒரு மிடறு கொடுப்பார்கள். கனகேஸ்வரி அதைப் பாசிக்குக் கொண்டுவந்தாள். ஞாயிறு றஞ்சித்துக்கு லீவு. வீட்டில் ஒருவரும் இல்லாத பின்னேரம், கண்ணை மூடிக் கும்பிட்டு, தட்டுத் தட்டாக வார்த்தாள். நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் தம்பியிடம் சொல்லவில்லை.

குழாய்த் தண்ணீர் கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இது குழாய்த் தண்ணீர் இல்லையே. இதைத் தண்ணீர் என்றே அவள் நினைக்கவில்லை. அந்த மலை அடியிலிருந்து உச்சிவரை சுண்ணாம்புக்கல் என்பதும், அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது குழாயில் வருவதைவிடக் கடுமையான சுண்ணாம்பு என்பதும் அவளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? பலேர்மோக்காரன் எவனுக்கும் இந்தப் பிழை வந்திருக்காது. அவன் தன் தாயிடம் மெழுகுதிரியோடு போவான், பாசிக்கு வார்க்கப் போத்தலோடு போகமாட்டான்.

அடுத்த ஞாயிறு பார்த்தால் மஞ்சள் இன்னும் உள்ளே வந்திருந்தது. வார்த்தது தாய்க்குப் போதவில்லைப் போலும் என்று நினைத்து, போத்தலை விட்டுவிட்டுப் பிளாஸ்ரிக் கான் கொண்டுபோனாள். கான் நிறையச் சுமந்து, கால் வெடித்து இரத்தம் வர இறங்கி வந்து, எல்லாவற்றையும் வார்த்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பாசி மண்ணிறமாகி, பிறகு கொழகொழவென்று அழுகியது. அவள் எவ்வளவு பக்தியாக வார்த்தாளோ அவ்வளவு கெதியாக அது செத்தது.

நவம்பர் தொடங்கித் தொத்தோரே திரும்பி வந்தார். ஜெர்மன்காரர் வர ஒரு கிழமைதான் இருந்தது. மொட்டைமாடிக் கதவைத் திறந்து தட்டுகளைப் பார்த்தார். பிறகு பண்ணையில் பாவிக்கும் சோதனைத் தாளை எடுத்துவந்து ஒரு தட்டுக்குள் தோய்த்தார். தாள் நீலமாக மாறியது. றஞ்சித் சுவரோடு நின்றான். கனகேஸ்வரி கோப்பி கொண்டுவந்தவள் தட்டத்தோடு கதவடியில் நின்றாள்.

“சுண்ணாம்பு” என்றார் தொத்தோரே. “முழுக்கச் சுண்ணாம்பு. கல்லுக்குள்ளால் வந்த தண்ணீர்.”

அந்தச் சொல்லைக் கேட்டவுடன் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலை, பாறை, பீலி, கான். தம்பியின் வாழ்க்கையைத் தன் கையாலேயே, அதுவும் கும்பிட்டுக் கும்பிட்டு, ஊற்றி அழித்திருக்கிறாள்.

“அவனைக் கேள்” என்றார் தொத்தோரே. குரல் உயரவில்லை. அவர் சத்தம் போடாத மனிதர், அதுதான் அவரிடம் பயம். “இந்த ஊர்க் குழாயில் வருவதும் கல்லுக்குள்ளால்தான். குழாய்த் தண்ணீர் விட்டானா என்று கேள். சோம்பலில் விட்டிருப்பான், மனிதன்தானே. உண்மையைச் சொன்னால் நான் மன்னிப்பேன். பொய்யைத்தான் என்னால் பொறுக்க முடியாது.”

கனகேஸ்வரியின் வாயில் உண்மை வந்து நின்றது. நான்தான் தொத்தோரே, மலைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். இவ்வளவுதான், இத்தாலியனில் ஒரு வசனம். அதோடு கூடவே மகள் கிருசாந்தினியின் முகமும் வந்து நின்றது. பதினாறு வயதுப் பெட்டை, கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் இத்தாலி விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை தங்க இடம் இருக்கிறது என்று சின்யோரா எழுதிக் கொடுத்தால்தான் விசா பார்க்கிற பொலீஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், அலுவல் நகரும். அடுத்த மாதம் எழுதித் தருவதாகச் சின்யோரா சொல்லியிருந்தாள். இந்த வீட்டை விட்டுத் துரத்தினால் அதுவும் போய்விடும்.

ஆனால் மன்னிப்பேன் என்கிறாரே. அவர் சொல் உண்மையாக இருக்கலாம். இருக்குமா? அதைப் பரீட்சித்துப் பார்க்க அவள் தன்னை வைக்கவில்லை. தம்பியை வைத்தாள்.

“என்னவாம் அக்கா?” என்றான் றஞ்சித்.

“நீ ஒவ்வொரு நாளும் ஒழுங்கா வந்து தண்ணி விட்டனியோ எண்டு கேக்கிறார்.”

“ஓம், ஒரு நாளும் பிந்தேல்லை. மழைத்தண்ணியும் பற்றறித் தண்ணியும்தான் விட்டனான், சொல்லு.” தொத்தோரேயின் முகத்தை நேரே பார்த்துத் தலையை ஆட்டினான். “சீ, தொத்தோரே. சீ, சீ.”

தொத்தோரே கனகேஸ்வரியைப் பார்த்தார்.

“ஓம் என்கிறான்” என்றாள் அவள் இத்தாலியனில். “குழாய்த் தண்ணீர்தான் விட்டானாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறான்.”

றஞ்சித் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தான். தனக்காக அக்கா பேசுகிறாள் என்று அவன் முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை, கோப்பியைப் பார்த்தாள்.

“நல்லது. உண்மையைச் சொல்லிவிட்டான்” என்றார் தொத்தோரே. கோப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். “நானும் சொன்ன சொல் தவறமாட்டேன். மன்னித்துவிட்டேன். காகிதம் இல்லாத ஆள் என்று பொலீசுக்குப் போன் பண்ணமாட்டேன். இப்போதே இறங்கிப் போகச் சொல். இனி இந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது.”

“கையெழுத்து?” என்றாள் கனகேஸ்வரி.

“என்ன கையெழுத்து?” என்றார் தொத்தோரே.

அவள் தம்பியிடம், “கீழை போய் நில், நான் வாறன்” என்று மட்டும் சொன்னாள். அவன் போகும்போது “கிராத்சியே, தொத்தோரே” என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கு மேல் அவனுக்கு இத்தாலியன் இல்லை.

அவள் கோப்பைகளை எடுக்கும்போது தொத்தோரே ஜெர்மனிக்குப் போன் எடுத்தார். பாசி செத்த கதையைச் சொன்னார், வேலைக்காரன் குழாயைத் திறந்துவிட்டான் என்றார். அந்தப் பக்கத்தில் ஏதோ சொல்ல, அவர் உரத்துச் சிரித்தார். போனை வைத்துவிட்டுச் சின்யோராவைக் கூப்பிட்டு, சந்தோசமாகச் சொன்னார். அந்தத் தட்டுகளைப் பற்றி அவர்கள் கவலைப்படவே இல்லையாம். சட்டிக்குள் வளர்வது விளையாட்டு, எங்களிடம் தண்ணீர் நிற்கும் வயலே இருக்கிறது என்றார்களாம். விற்கும் உரிமை அவருக்குத்தான், பேசி முடித்தாயிற்று. கனகேஸ்வரி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கீழே போனாள்.

றஞ்சித் வாசலில், குப்பைத்தொட்டிப் பக்கம் நின்றான். மேல்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், வேலை உடுப்பு வீட்டுக்காரருடையது என்று.

“உன்னை வேண்டாமாம்” என்றாள். “கையெழுத்தும் இல்லையாம்.”

அவனுக்கு விளங்கவில்லை. “ஏனாம்? நான் என்ன செய்தனான்?”

“தட்டுக்குள்ளை சுண்ணாம்பு எண்டு தாள் காட்டுதாம். குழாய்த்தண்ணி விட்டிருக்காம்.”

“நான் விடேல்லையே அக்கா.”

“தாள் பொய் சொல்லுமே? கானை மாறி எடுத்திருப்பாய்.”

அவன் சுவரில் சாய்ந்தான். ஒவ்வொரு விடியலையும் ஒவ்வொரு கானையும் திரும்ப எண்ணிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம், இங்கே கேட்பதற்குத் தம்பியைத் தவிர ஒருவரும் இல்லை. சொன்னால் அவனுக்குக் கையெழுத்து வராது. ஆனால் தான் பிழை செய்யவில்லை என்பதாவது அவனிடம் மிஞ்சும். அதையும் அவள் கொடுக்கவில்லை.

“ஒரு நாள் காய்ச்சலோடை வந்தனான்” என்றான் றஞ்சித் மெதுவாக. “அண்டைக்கு மாறி எடுத்திட்டனோ தெரியேல்லை.”

“அண்டைக்குத்தான் இருக்கும்” என்றாள் கனகேஸ்வரி.

“நீ எனக்காக எவ்வளவு கதைச்சனி. நான் பார்த்துக்கொண்டுதானே நிண்டனான்.” அவன் கண் கலங்கியது. “உன்ரை பேரையும் கெடுத்துப் போட்டன். என்னை மன்னிச்சுக்கொள் அக்கா.”

அவள் அவன் தலையைத் தடவி, பரவாயில்லை என்று சொல்லி, அவனை மன்னித்தாள்.