எந்தப் பக்கம்

1

கண்ணுகளா, சும்மா கிடக்காத என் வாயால் பிறந்த கதை இது. வேறு பெருமை இதற்கு இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர் ஒருவர்…’ ஆளை மறைக்கத்தான் செருப்பு. ஆனால் செருப்புக் கடையில் யாரைப் படுக்கச் சொல்வது? அடித்துவிட்டேன். அவர் விற்றது மெத்தை.

2

விலை பேசும் முன்னே ‘எந்தப் பக்கம் படுப்பீங்க?’ என்று கேட்பார். கூட வேலை செய்கிறவர்கள் அதையே பட்டப்பெயராக்கிவிட்டார்கள்: எந்தப்பக்கம்.*

அவருடைய அம்மா ஒரு விடுதியில் விரிப்புகள் துவைத்தவர். யார் யாருடைய படுக்கையையோ சீராக்கிவிட்டு வெறுந்தரையில் படுத்தவர். (கண்ணீர் பிழிகிற வரிதான். உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.) மகன் வீடு வீடாகத் துடைப்பம் விற்றார், அப்புறம் மின்விசிறி, அப்புறம் பதினோரு வருஷம் இந்தக் கடை.

* சொந்தப் பெயரைச் சொல்லமாட்டேன். போன தடவை சொன்னதே போதும்.

3

என் வீட்டுக்காரர் போன பிறகு மெத்தை வாங்கப் போனேன்.

“படுத்துப் பாருங்கம்மா.”

படுத்தேன். அவ்வளவு பெரிய மெத்தையில் ஓரமாக ஒட்டிக்கொண்டு.

“வீட்ல இருக்கறது எங்க குழிஞ்சிருக்கு?”

“அவர் படுத்த பக்கம்.”

“உங்க பக்கம்?”

“நல்லாத்தான் இருக்கு.”

சுற்றுமுற்றும் பார்த்தார். “அப்ப எதுக்கும்மா புதுசு? வீட்டுக்குப் போங்க. அந்தக் குழி உங்கள ஒண்ணும் பண்ணாது.”

“இப்படிச் சொன்னா கடை ஓடுமா தம்பி?”

“தூக்கம் விக்கிறவன் தானும் தூங்கணும்ல?”

4

நூலகத்தில் ஞாயிறு மதியம் உங்களுக்குக் கதை சொன்னேனே, அன்றைக்கு இதைத்தான் சொன்னேன். ஆள் பெயர், கடைப் பெயர் எல்லாம் சேர்த்து. நல்லவரைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று [இல்லை. கைதட்டல் வேண்டியிருந்தது.] நீங்களும் தட்டினீர்கள். தட்டியவர்களில் ஒருவர் அந்தக் கடை மேனேஜரின் அண்ணி.

மறுவாரமே எந்தப்பக்கத்தைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மெத்தைகளெல்லாம் உறையோடு நின்றுகொண்டிருக்கிற இடம். அவர் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மனுஷர் கிடையாது.

மேனேஜரிடம் போய் நின்றேன்.

“முதலாளி காதுவரைக்கும் போயிடுச்சும்மா. அது கட்டுக்கதைன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கே திரும்பக் கடைக்குக் கூப்பிட்டுக்கறேன்.”

5

முடிவு ஒன்று: எழுதிக் கொடுப்பது. ஆயுசு முழுக்கப் புளுகியே பேர் வாங்கியவளுக்கு இன்னொரு புளுகு பெரிய காரியமா? கிடங்குக்குப் போய்க் கேட்டேன்.

“எழுதிடவா தம்பி?”

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டார். “எழுதுங்கன்னு சொல்ல வாய் வரலம்மா. வேண்டாம்னு சொல்லவும் முடியல, வீட்ல ரெண்டு பொண்ணுங்க.”

“என் மேல கோபமா?”

“நல்லாத்தான சொன்னீங்க. கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்.”

முடிவு இரண்டு: எழுதாமல் விடுவது. உண்மை என்னிடம் பத்திரமாக இருக்கும். மூட்டை அவர் முதுகில் இருக்கும்.

முடிவு மூன்று: முதலாளி மனம் மாறி (வேண்டாம். இப்படி முடித்தால் அவரே சிரிப்பார்.)

6

ஒரே தாளில் இரண்டையும் எழுதிவிட்டேன். முன்னால், ‘நான் சொன்னது கட்டுக்கதை.’ பின்னால், ‘நான் சொன்னது நடந்தது.’ இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து. மேனேஜர் மேசையில் ஒரு பக்கத்தைத்தான் மேலே தெரிகிற மாதிரி வைக்க முடியும்.

கடை திறந்தாயிற்று. கைதட்டினீர்களே கண்ணுகளா, இப்போது சொல்லுங்கள்.

எந்தப் பக்கம்?