கடப்படியில் ஒரு செருமல்

பள்ளிவாசலிலிருந்து மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி வந்து முற்றத்தில் இறங்கியபோது ஸுஹைறா குசினியில் கேத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாவு நடந்த மையத்து வீட்டில் யாரும் அடுப்பு மூட்டப்போவதில்லை. மூன்று நாளைக்கு அயலவர்தான் சோறு தருவார்கள். கேத்தலும் காலையிலேயே கழுவியதுதான். கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது, என்ன செய்ய?

"மதினி, வாங்க. முகத்த மூடப் போறாங்க" என்று காலிதீனின் தங்கை பஸ்மிலா வந்து கூப்பிட்டாள்.

காலிதீன் வெள்ளைக் கபன் புடவைக்குள் கிடந்தார். இருபத்தாறு வருடப் புருஷன். சீதனமாகக் கொடுத்த இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து, தெருவாசல் கடப்படியில் நின்று ஒரு தடவை செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். அயல் பெண்கள் யாரும் இருந்தால் முக்காட்டைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று ஊரில் எல்லா ஆண்களும் காட்டுகிற மரியாதைதான். ஸுஹைறாவுக்கோ அது தேத்தண்ணிக்கான அழைப்பு. செருமல் கேட்டதும் கேத்தல் அடுப்பில் ஏறும். அவர் கால் கழுவி வர, தண்ணீர் கொதிக்கும்.

பஸ்மிலா காதோரம் குனிந்து நினைவூட்டினாள். மையத்தை எடுக்க முன்னர் மனைவி பொருத்தம் சொல்ல வேண்டும். அவர் செய்த பிழை எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அவர் செய்த பிழை நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட். அதையும் இவள் அழுதாள் என்பதற்காகப் போன நோன்போடு விட்டுவிட்டார். இவள் பிழை செய்தது அதற்குப் பிறகு.

விட்ட இரண்டாம் கிழமை இருமல் பிடித்தது. சளியும் இருமலுமாக மனுசனைக் குடைந்து எடுத்தது. நோன்பு இரவின் தராவீஹ் தொழுகையில் சலாம் கொடுத்து முடித்ததும் முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அடுத்த நாள் வெட்கப்பட்டு வீட்டிலேயே தொழுதார். பார்க்க வந்தவர்களெல்லாம் வைத்தியரானார்கள். பழகின உடம்பு, சட்டென்று விட்டால் கெடுத்துப்போடும் என்றார்கள். ஸுஹைறாவும் நம்பினாள். புகைத்தபோது இல்லாத இருமல் விட்ட பிறகு வந்தால் வேறென்ன நினைப்பாள்? கத்தாரில் இருந்த தம்பி நளீமுக்குப் போன் எடுத்து ஒரு வழி கேட்டாள்.

பெருநாளைக்கு ஊரோடு வந்துவிட்ட நளீம், கரண்ட் சிகரெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நெருப்பில்லை, சாம்பலில்லை, மாம்பழ வாசம். வெறும் ஆவிதான் என்றான். காலிதீன் வேண்டாம் என்றார்.

"எனக்காக இழுங்களன்" என்று சொன்னது இவள்தான்.

பத்து நாளில் இருமல் நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று ரொட்டி சுட்டு ஏழு வீட்டுக்குக் கொடுத்தாள்.

மாரி மழையோடு காய்ச்சல் வந்தது. நெஞ்சு முழுக்கச் சளி கட்டிக் கிருமி பிடித்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காரைதீவிலிருந்து வேலைக்கு வருகிற தாதி சுஜித்தா மிஸ்தான் உட்கார வைத்து விளங்கப்படுத்தினார். மூச்சுக்குழாயின் உட்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்குமாம். அவை ஓயாமல் அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளுமாம். சிகரெட் புகை அவற்றைச் சோரவைத்து அழித்துவிடும். விட்டால் மெல்ல மெல்லத் திரும்ப முளைக்கும்.

"அப்ப வந்த இருமல் நோய் வருத்தமில்லக்கா. உள்ளுக்கக் கூட்டித் துப்புரவாக்கின இருமல். அந்த ஆவியும் அதுகள ஒழுங்கா வேலை செய்ய விடாது."

பழைய சிகரெட்தான் கூடுதலாகக் கெடுத்திருக்கும், எதனால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல ஏலாது என்றும் சொன்னார். அது ஸுஹைறாவின் காதில் ஏறவில்லை. தொண்டைக்குள் விட்டிருந்த குழாயை எடுத்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்க இருந்தாள். அவர் குழாயோடே போய்விட்டார்.

"சொல்லுங்க மதினி, ஆக்கள் காத்து நிக்காங்க."

"நான் பொருந்திக்கிட்டன்" என்றாள் ஸுஹைறா. பிறகு முகத்தருகே குனிந்து மெல்லக் கேட்டாள். "நீங்க?"

பஸ்மிலா அழுதுகொண்டே புடவையை இழுத்து மூடினாள்.

மையத்தை அடக்கிவிட்டு வந்த நளீம் குசினி வாசலில் நின்றான். அழுது கண் வீங்கியிருந்தது. அவனிடமிருந்து அதே மாம்பழ வாசம் வந்தது. அவனும் சிகரெட்டை விட்டு அதைத்தான் இழுக்கிறான். ஏச வாய் வரவில்லை. கேட்டது இவள்தானே.

"தம்பி, அத விட்டிரு. இருமல் வரும். வரட்டும்."

அவன் சட்டைப் பையைத் தொட்டபடி தலையாட்டினான்.

புருஷனை இழந்து இத்தாவில் இருப்பவளுக்கு நாலு மாதமும் பத்து நாளும் வீடுதான் உலகம். ஸுஹைறா கடப்படிப் பக்கம் காதை வைத்துக்கொண்டே இருந்தாள். வந்த ஆண்களெல்லாம் செருமினார்கள், ஒன்றும் அவருடையதைப் போல இல்லை. அவர் இருமிக்கொண்டிருந்த அந்த ஒரு மாதத்தில் ஒரேயொரு நாள் திரும்பக் கிடைத்தால் போதும். முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருந்திருப்பாள். இருமுங்க, நல்லா இருமுங்க என்று சொல்லியிருப்பாள்.

மூன்றாம் கிழமை, பின்னேரம் அஸர் தொழுது எழும்பும்போது, கடப்படியில் இருமல் கேட்டது. மரியாதைச் செருமல் இல்லை. நெஞ்சடியிலிருந்து கிளம்பி, சளியைப் புரட்டிக்கொண்டு, நிற்காமல் வருகிற இருமல். நளீம்தான் என்று தெரியும். தெரிந்தும் கால் குசினிக்குப் போனது. கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். அவன் கால் கழுவி உள்ளே வர, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.